ஜேடர்பாளையம்: ஊர் வயதும் தலைக்கணக்கும்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஜெர்மனியில் இருக்கும் என் மகன் வீடியோவில் கூப்பிட்டான். ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் குடியிருக்கிறான். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்த ஊரின் பெயர் முதன்முதலாக ஓலையில் ஏறிய ஆண்டைக் கணக்கு வைத்து, அன்றைக்கு ஊர்ப் பிறந்தநாள் கொண்டாடினார்களாம். ஓலை என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், அங்கே தோல் ஏடு. வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் எந்த வருஷம் ஊரில் எத்தனை பேர் என்று நூற்றாண்டு நூற்றாண்டாக அட்டவணை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் அந்தப் பக்கமெல்லாம் பாதி ஜனத்துக்கு மேல் அழிந்தது. அந்த அட்டவணையிலும் அந்த இடத்தில் எண் சடாரென்று விழுகிறது.

பேரன் திரைக்குள் தலையை நீட்டிக் கேட்டான்.

"தாத்தா, உங்க ஊரு எந்த வருஷம் ஆரம்பிச்சது? அப்போ எத்தனை பேர் இருந்தாங்க?"

முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன் நான். சரித்திரமும் நடத்தியிருக்கிறேன். பானிபட் யுத்தம் மூன்றுக்கும் வருஷம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பிறந்த ஊருக்கு வருஷம் சொல்லத் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன் கண்ணு" என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் யோசித்ததையும் தேடியதையும்தான் இங்கே எழுதுகிறேன். பேரனுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவன் அப்பன் வாசித்துச் சொல்லட்டும்.

முதலில் பெயர். நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் வட்டம், கபிலர்மலை ஒன்றியத்தில் காவிரியின் இடக்கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் படுகை அணை, அண்ணா பூங்கா, ஆடிப் பதினெட்டுக் கூட்டம், அணைக்குப் பக்கத்தில் பொரிக்கிற மீன். பெயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சின்ன வயதில் எங்களுக்கும் அது ஒரு வேடிக்கையான எழுத்தில் தொடங்குகிற பெயர், அவ்வளவுதான்.

ஜேடர் என்றால் நெசவாளர். கன்னடத்தில் 'ஜேட' என்ற ஒரே சொல் சிலந்தியையும் நெசவாளியையும் குறிக்கும். இரண்டும் நூல் இழுக்கிற ஜீவன்கள். கன்னட நாட்டின் பழைய வசனக் கவிகளில் ஒருவருக்கே ஜேடர தாசிமையா என்று பெயர். நெசவுத் தொழில் செய்தவர். கன்னடம் பேசும் தேவாங்க நெசவாளர்களைக் கொங்கு நாட்டில் சேடர் என்றும் ஜேடர் என்றும் சொல்வது உண்டு. விஜயநகர அரசும் அதன் பின் நாயக்கர் ஆட்சியும் இருந்த நூற்றாண்டுகளில் வடக்கிலிருந்து நெசவுக் குடிகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே வந்தன. சேலம், கோவை, மதுரை வரை அவர்கள் குடியேறிய ஊர்கள் இருக்கின்றன. பாளையம் என்பது முதலில் படை தங்கிய இடம், பிறகு குடியிருப்பு. ஆக, ஜேடர்பாளையம் என்றால் நெசவாளர் குடியிருப்பு.

ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளில் இது கரும்பு, வெற்றிலை, வாழை, கோரை விளைகிற ஊர். தறிச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் பள்ளிபாளையமோ குமாரபாளையமோ போகவேண்டும். ஊரின் பெயரில் நெசவு இருக்கிறது, பிழைப்பில் இல்லை. பெயர் வைக்கக் காரணமான மக்கள் எத்தனை வீடாக வந்தார்கள், எந்தத் தெருவில் பாவு நீட்டினார்கள் என்று எந்த ஏடும் பேசவில்லை. அவர்கள் விட்டுப்போன ஒரே சொத்து மூன்று எழுத்து. அதையும் நாங்கள் பஸ்ஸின் பெயர்ப் பலகையில்தான் பார்க்கிறோம்.

அடுத்தது வாய்க்கால். எங்கள் ஊருக்கு வயது சொல்ல ஏதாவது உண்டென்றால் அது ராஜவாய்க்கால்தான். பதினேழாம் நூற்றாண்டில் அரைய நாட்டுக்குத் தலைவராக இருந்த அல்லாள இளையநாயகர் காவிரியை மறித்து இந்த வாய்க்காலை வெட்டினார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. இப்போது அவருக்கு ஊரில் சிலை இருக்கிறது, அரசு விழாவும் எடுக்கிறார்கள். ராஜவாய்க்காலும் அதைச் சேர்ந்த குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் ஆகியவையும் இன்றைக்கும் சுமார் 16 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. எங்கள் கரைக்கு வர மேலும் சுமார் நானூறு வருஷம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆறு பக்கத்தில் ஓடினால் மட்டும் ஊர் பெருகாது. காவிரி எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போனாலும், ஆற்று மட்டம் கீழே, காடு மேலே. வாய்க்கால் வந்தால்தான் மேட்டுக்காடு வயலாகும். வயலானால் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டும். ஆள் வந்தால் கொல்லன், தச்சன், குயவன், நாவிதன், வண்ணான், தோல் வேலை செய்பவர் எல்லாரும் வேண்டும். மேட்டாங்காட்டில் நாலு வீடு நிற்கிற இடத்தில் வாய்க்கால் பாய்ச்சலில் நாற்பது வீடு நிற்கும். பரமத்தி, பாண்டமங்கலம், பொத்தனூர், வேலூர் என்று வெற்றிலைக் கொடிக்கால் பச்சை தட்டுகிற ஊர்கள் எல்லாம் அந்தத் தண்ணீர்க் கோட்டை ஒட்டியே அடர்ந்திருப்பதை பஸ்ஸில் போனாலே பார்க்கலாம்.

எனவே பேரனுக்கு என் முதல் பதில்: ஊரின் பிறந்த வருஷம் தெரியாது, ஆனால் இன்றைக்கு இருக்கிற ஊரைப் பிழைக்க வைத்தது சுமார் முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு வாய்க்கால்.

எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் கஷ்டமான கேள்வி. ஜெர்மன் கிராமத்தால் எப்படி அட்டவணை போட முடிந்தது? தேவாலயத்தில் பதிவேடு இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு முதலே பாதிரியார்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதி வந்தார்கள். கூலிக்காரனின் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் செத்தாலும் அங்கே இரண்டு வரி இருக்கும். பிறந்தது ஒன்று, புதைத்தது ஒன்று.

நம் பக்கத்தில் எழுதாமல் இல்லை. நிறைய எழுதினார்கள். ஆனால் எழுதியது நிலத்தை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோ, மெக்லியாட் போன்ற உதவியாளர்கள். ஊர் ஊராக நிலத்தை அளந்து, யார் உழுகிறார், எவ்வளவு தீர்வை என்று எழுதினார்கள். பின்னால் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறைக்கு விதை போட்டது இந்தச் சேலம் மண்தான். அதன்பின் ஒவ்வொரு ஊரிலும் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் அந்தக் கணக்கைக் காத்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை மணியம், கர்ணம் வேலைகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவரும் வரை அப்படித்தான்.

அந்தக் கணக்கில் பட்டா இருந்தவருக்குப் பெயர் உண்டு. பட்டா இல்லாதவருக்கு? அவர் நட்ட வயலுக்கு சர்வே நம்பர் இருக்கும், நட்டவருக்கு எந்த நம்பரும் இருக்காது. பெண்களுக்கும் அப்படியே.

கோயில் கணக்கு ஒன்று உண்டு. நோம்பி சாட்டினால் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள் அல்லவா? கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பழைய தலைக்கட்டு நோட்டுகளை வைத்து ஓர் ஊரின் குடும்ப எண்ணிக்கையைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். ஆனால் அதிலும் விதவைக்குத் தலை கிடையாது. வரி வாங்காத தெருவுக்கும் தலை கிடையாது. வாய்க்காலுக்குத் தண்ணீர் கட்டுகிற குடும்பங்கள், செத்த மாட்டைத் தூக்குகிற குடும்பங்கள், ஊருக்குப் பறை அடித்துச் சேதி சொல்கிற குடும்பங்கள், இவையெல்லாம் அந்த நோட்டுக்கு வெளியே இருந்தன. இது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் எல்லா ஊரும் இப்படித்தான் இருந்தது. அதற்காகச் சொல்லாமல் விடுவதும் சரியில்லை.

ஆளை ஆளாக எண்ணியது மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். 1871-இல் சென்னை மாகாணத்தில் எண்ணினார்கள். 1881 பிப்ரவரி 17 அன்று இந்தியா முழுக்க ஒரே இரவில் எண்ணினார்கள். இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவே சேலம் மாவட்டத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 1871-இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-இல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் பெருக வேண்டிய ஜனத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி.

நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. எங்கள் ஆத்தா, அதாவது அப்பாவின் அம்மா, தான் பார்க்காத அந்தப் பஞ்சத்தைப் பார்த்த மாதிரியே சொல்லுவார். அவருடைய மாமியார் சொல்லக் கேட்டது. மேட்டாங்காட்டு ஜனம் ஆற்றோரம் வந்தால் கிழங்காவது கீரையாவது கிடைக்கும் என்று இறங்கி வந்ததாம். வந்தவர்களில் சில பேர் வாய்க்கால் கரையிலேயே நின்றுவிட்டார்கள். "அப்படி வந்த குடும்பந்தாண்டா நாமளும்" என்று ஒருமுறை சொன்னார். அப்பா "சும்மா இருங்கம்மா" என்று அடக்கினார். பூர்வீகக் குடி என்று சொல்லிக்கொள்வதில்தான் அப்பாவுக்குப் பெருமை. ஆத்தாவுக்கு அந்தப் பெருமை தேவைப்படவில்லை. பிழைத்து வந்ததே போதும் என்று இருந்தார்.

ஜெர்மன் அட்டவணையில் முப்பதாண்டுப் போர் விழுந்த இடத்தில் எங்கள் அட்டவணையில் தாது வருஷம் விழுந்திருக்கிறது. அங்கே வெட்டுப்பட்டும் கொள்ளை நோயிலும் பசியிலும் செத்தார்கள். இங்கே பசியிலும் அதைத் தொடர்ந்த காலராவிலும் செத்தார்கள்.

இந்த எண்களைத் தேடுகிற யாருக்காவது உதவுமே என்று ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன். எங்கள் பகுதி இருந்த நாமக்கல் வட்டத்தை ஒரே மாவட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. 1910-இல் அதைத் திருச்சி மாவட்டத்தோடு சேர்த்தார்கள், 1929-இல் மறுபடி சேலத்துக்குக் கொடுத்தார்கள். ஆகவே 1901 வரை சேலம் புத்தகம், 1911-க்கும் 1921-க்கும் திருச்சி புத்தகம், 1931 முதல் 1991 வரை திரும்பவும் சேலம். 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டம் ஆனதால் 2001-க்கு நாமக்கல் புத்தகம். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. தலைநகரம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். வாத்தியார்களுக்குக் கணக்கெடுப்பு வேலை எப்போதும் வரும். 1981-இல் எனக்கு முப்பது வயது. அறுநூறு எழுநூறு பேர் கொண்ட ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். தெருவை வரைபடமாக வரைந்து, கதவு நிலையில் காவிக் கட்டியால் எண் எழுதி, பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போகவேண்டும். 28-ஆம் தேதி ராத்திரி வீடற்றவர்களை எண்ணவேண்டும். ஆற்றங்கரை மண்டபத்தில் படுத்திருந்த இரண்டு பேரை டார்ச் அடித்து எழுப்பிப் பெயர் கேட்டேன். ஒருவர் பெயர் சொன்னார். இன்னொருவர் "எதுக்குங்க சாமி, நான் ஒண்ணும் பண்ணலீங்களே" என்றார். மார்ச் 1 சூரிய உதயம்தான் கணக்கு நேரம். அதற்குப் பின் ஐந்து நாள் திரும்பப் போய்ப் பிறந்தவரைச் சேர்த்து, செத்தவரை அடிக்க வேண்டும்.

வயது கேட்பதுதான் பெரிய பாடு. யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. ஒரு அம்மா, "பெருவெள்ளத்துல எங்கம்மா என்னைய இடுப்புல வெச்சுக்கிட்டு மேட்டுக்கு ஓடுனாங்களாம்" என்றார். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம். ஐம்பத்தேழு என்று எழுதினேன். இன்னொருவர், "மேட்டூர் டேம் தொறந்தப்ப எனக்குக் கல்யாணம் ஆயி ஆறு மாசம்" என்றார். மேட்டூர் அணை திறந்தது 1934 ஆகஸ்ட் 21. ஒரு பெரியவர், "ராஜாஜி கள்ளுக்கடைய மூடுன வருசம் எங்கய்யன் மரமேறுறத நிறுத்திட்டாரு, அப்ப நான் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்பு" என்றார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது 1937 அக்டோபர் 1. புருஷன் பெயர் கேட்டால் பெண்கள் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொல்லும். "முருகனுக்கு இன்னொரு பேருங்க" என்று குறிப்புக் கொடுப்பவர்களும் உண்டு. நமக்கு முருகனுக்கு இருக்கிற பெயரெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டி வரும்.

அந்த இருபது நாளில் நான் கற்ற சரித்திரம் பாடப் புத்தகத்தில் கற்றதைவிட அதிகம். ஒவ்வொருவர் வயதிலும் ஒரு வெள்ளமோ அணையோ பஞ்சமோ இருந்தது.

1991 வேறு மாதிரி. அப்போது நான் வேறு ஒன்றியத்தில், வேறொரு ஊரில் வேலை பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அந்த வருஷப் படிவத்தில் கல்யாணமான பெண்களுக்கு இரண்டு கேள்வி இருந்தது. இப்போது உயிரோடு இருக்கிற பிள்ளைகள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை? இதுவரை உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை? பக்கம் பக்கமாக இரண்டு கட்டங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு வீடு. அந்த வீட்டு மருமகளைத் தினமும் பார்ப்பேன். புரட்டாசியில் நிறைமாதம். கார்த்திகையில் வயிறு இல்லை. தொட்டிலும் இல்லை. பால்குடிப் பிள்ளை இருக்கிற வீட்டுக் கொடியில் துணி காயும் அல்லவா, அதுவும் இல்லை. ஊரில் யாரும் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் படிவத்தோடு அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். மாமியார் எதிரே உட்கார்ந்தார். மருமகள் நிலைப்படிக்கு உள்ளே நின்றார். நாலு வயதுப் பையன் அவர் சேலையைப் பிடித்திருந்தான். உயிரோடு இருக்கிற பிள்ளை எத்தனை என்று கேட்டேன். "ஒண்ணுங்க" என்றார் மருமகள். உயிரோடு பிறந்தது எத்தனை என்று கேட்டேன். அவர் வாய் திறந்தார். அதற்குள் மாமியார், "அதுவும் ஒண்ணுதானுங்க வாத்தியாரே. எழுதிக்குங்க" என்றார்.

மருமகள் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். ஒன்று என்று எழுதினேன். மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மறுபடி ஒரு முறை, "அம்மா, நீங்க சொல்லுங்க" என்று அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கலாம். கணக்கெடுப்பில் சொல்வது ரகசியம், கோர்ட்டுக்குக்கூடப் போகாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை அவரிடம் சொல்லியிருக்கலாம். மார்ச் முதல் வாரம் திரும்பப் போனபோதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியூர் வாத்தியார், ஊர்ப் பெரிய குடும்பம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கணக்கெடுப்பின் முடிவு வந்தபோது, நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 849 பெண்கள்தான் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு 948. நாடே பேசியது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலத்தில்தான் முதலில் தொடங்கியது. அந்த 849-ஐப் பேப்பரில் பார்த்த அன்று எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வந்தது. உயிரோடு இல்லாத பெண் பிள்ளைகளின் குறைவு அந்த எண்ணில் தெரிந்துவிட்டது. ஆனால் 'பிறந்தவர்கள்' கட்டத்தில் அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை. அதை எழுதாமல் விட்டவன் நான்.

ஜெர்மன் பாதிரியார் மூன்று நாள் பிள்ளைக்கு எழுதிய இரண்டு வரியைப் பற்றி மேலே சொன்னேனே, அதைக் கேட்டதிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே இதை வாசித்தால்தான் தெரியும்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. 2001-இல் நாமக்கல் மாவட்டத்தில் 14,93,462 பேர். 2011-இல் 17,26,601 பேர். மாவட்டம் பெருகியிருக்கிறது. கோழிப்பண்ணை, லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று பிழைப்பும் பெருகியிருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் சாயங்காலம் நடந்தால் பூட்டின கதவுகள். திறந்திருக்கிற வீட்டிலும் என்னைப் போலக் கிழவன் கிழவி. 2020-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கிற பிள்ளை 1.4 என்று அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொன்னது. ஜெர்மனியில் அதே வருஷம் சுமார் 1.5. ஜனத்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். மகன் இருக்கிற கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை இல்லையாம். இங்கேயும் பல தொடக்கப் பள்ளிகளில் அதே கதை. இரண்டு ஊரும் வேறு வேறு வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அன்றைக்குப் பெண் பிள்ளை வேண்டாம் என்ற வீடுகளில் இன்றைக்குப் பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள். தரகர் நோட்டில் மாப்பிள்ளை பக்கம் நிரம்பிக் கிடக்கிறது, பெண் பக்கம் காலி. இதில் எனக்கு மகிழ்ச்சி எதுவும் இல்லை.

காலியான இடத்துக்கு ஆள் வராமலும் இல்லை. பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகிற வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்கொட்டாய்களில் இன்று வடமாநிலத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். கரும்பு வெட்டுவது, பால் காய்ச்சுவது, உருண்டை பிடிப்பது எல்லாம் அவர்கள்தான். சில பேர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். நம் ஆட்களில் சிலர் அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். எனக்கு எங்கள் ஆத்தா சொன்னது ஞாபகம் வருகிறது. பஞ்சத்தில் வாய்க்கால் கரைக்கு வந்து நின்ற குடும்பத்தையும் அன்றைக்கு இப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கும் முன்னால் கன்னடம் பேசிக்கொண்டு தறியைத் தூக்கி வந்தவர்களையும் பார்த்திருப்பார்கள். ஊருக்குப் பெயரே அப்படி வந்தவர்களால் வந்ததுதான்.

2021-இல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து நடக்கப்போகிறது. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதியையும் கேட்டு எழுதப் போகிறார்களாம். ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் எண்ணுவார்கள். ஆகவே ஜேடர்பாளையத்துக் கணக்கில் என் மகனும் பேரனும் வரமாட்டார்கள். ஆலைக்கொட்டாயில் இருக்கிற பிள்ளைகள் வருவார்கள். அதுதான் நியாயமும்கூட.

இந்த வயதில் என்னைக் கணக்கெடுக்கக் கூப்பிட மாட்டார்கள். நானே ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன். நானூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பக்கம். யார் எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை இருக்கிறது, யார் எங்கே போனார்கள் என்று அவரவர் சொல்கிறபடி எழுதுகிறேன். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்துவதில்லை. பட்டா இருக்கிற வீட்டில் தொடங்கவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிற கடைசித் தெருவிலிருந்து தொடங்கினேன். முதலில் பெண்களிடம் கேட்கிறேன். பிறந்த கணக்கைச் சொல்லும்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பதினோரு பக்கம் முடிந்திருக்கிறது. முட்டி வலி இருப்பதால் மெதுவாகத்தான் போகிறது. ஊர்க்காரர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். நான் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அது எங்கள் ஊர்க் குழந்தை இல்லை, பெயரும் வைக்கவில்லை. ஆனாலும் 1990-ஆம் வருஷம் ஐப்பசி வாக்கில், பெண், என்று ஒரு வரி அங்கே எழுதப் போகிறேன்.